வாசனை தேடி வெம் நகருக்கு

ஒரு புஷ்பத்தின் பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் அச்சிடக் கூச்சமாயிருக்கிறது என்பதற்காக, அந்தப் புஷ்பத்தைப் பற்றியே எழுதாமல் இருந்துவிட முடியுமா? இங்கிலீஷில் அதன் பெயரின் முற்பாதிக்கு இனிமை என்று பொருள். பிற்பாதி இங்கிலீஷ்காரர் காதுக்குப் பட்டாணி. தமிழர் காதுக்கு அது என்னவென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. உதகமண்டலத்துத் தோட்டக்காரர்கள் அந்தப் பெயரை வாய் கூசாமல் சொல்கிறார்கள். நமக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஆகையால் இந்தக் கட்டுரை முடியும் வரையில் அதை 'மணப் பட்டாணி' என்று அழைப்பதற்கு நேயர்கள் அனுமதி தர வேண்டும்.

கொடி பார்வைக்குப் பட்டாணிக் கொடிதான். ஆள் உயரத்துக்கு மேலும் படரும். பூவின் மேலிதழ் ஒன்று கொடி பிடித்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். அதன் கீழ் இரண்டு இதழ்கள் சிறகு மாதிரி விரிந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வேலி முழுவதும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்றே தோன்றும். காயை மட்டும் சமையலறைப் பக்கம் கொண்டு போகக் கூடாது. விதையில் விஷம் உண்டு. பஞ்ச காலங்களில் ஏழை மக்கள் வேறு வழியின்றித் தின்று கால் முடங்கிப் போனார்களே, கேசரிப் பருப்பு, அதுவும் இந்தப் பூவும் ஒரே குடும்பம். கேசரிப் பருப்பின் விற்பனைக்கு நம் தேசத்தில் 1961-ல் தடை வந்தது.

இத்தகைய செடியின் மேல் நமக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் குன்னூரில் இருக்கும் நம் அத்தை. எண்பதைத் தாண்டியவர். கண்ணில் நீரழுத்தம் ஏற்பட்டு, பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரிகிறது. ஒரு காலத்தில் தம் வீட்டு வராந்தாவின் முன்னால் மணப் பட்டாணி போட்டு, மாலை வேளையில் அதன் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவது அவர் வழக்கம். அந்தச் செடிகள் போய் வருஷங்கள் பல ஆகிவிட்டன. மறுபடி போடலாம் என்று நாம்தான் முன்வந்தோம். பொட்டலத்தின் மேலிருந்த வர்ணப் படத்தைப் பார்த்து விதை வாங்கி அனுப்பினோம்.

செடி நன்றாகவே வந்தது. பூவும், வெகு தாமதமாக என்றாலும், படத்தில் இருந்தபடியே பூத்தது. ரோஜா நிறத்திலும் செம்மஞ்சள் நிறத்திலும், ஓரமெல்லாம் பாவாடைக் கரை மாதிரி சுருக்கம் சுருக்கமாக, கைக்கு அடங்காத பெரிய பூக்கள்! நாம் அங்கே போயிருந்த சமயம் ஒரு கொத்தைப் பறித்து அத்தையின் முகத்தருகே கொண்டு போனோம். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "பூ கொண்டு வருகிறேன் என்றாயே, எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் முந்திய வருஷம் ஜூலை மாதத்தில் இங்கிலாந்து போயிருந்தபோது வெம் என்னும் ஊருக்குப் புறப்பட்டோம்.

* * *

வெம் நகரம் ஷ்ரோப்ஷயர் ஜில்லாவில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் உத்தியோகம் பார்க்கும் நம் மருமகப் பிள்ளையாண்டானும் கூட வந்தான். "மாமா, லண்டனை விட்டுவிட்டு யாராவது இந்த ஊருக்கு வருவார்களா?" என்று ரயிலில் இரண்டு தடவை கேட்டான். ஷ்ரூஸ்பரியில் வண்டி மாற வேண்டும். இடையில் நேரம் இருந்ததால் ஊருக்குள் நடந்தோம். அழகான பழைய ஊர். செவர்ன் நதி அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கடைவீதி நடுவே சதுக்கத்தில் ஒரு சிலை நிற்கவே அருகில் போய்ப் பார்த்தோம். ராபர்ட் கிளைவ்! 1751-ல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொண்டு நம்மவர் தலையெழுத்தை மாற்றியவர் பிறந்த ஜில்லா இதுதான் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. ஆற்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் அவரிடமிருந்து தப்ப முடியவில்லையே என்று எண்ணிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினோம்.

அங்கிருந்து வெம் கொஞ்ச தூரந்தான். ரயில் நின்றதும் பாதைக் கதவு மூடியிருக்க, இரு பக்கமும் மோட்டார்கள் பொறுமையாகக் காத்து நின்றன. ஒரு பெரிய வீதி, ஒரு மாதா கோவில், செங்கல் வீடுகள், சில கடைகள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு நல்ல பேரூர். ஆனால் பல வீடுகளின் வாசலில் மூங்கில் கழிகளைக் கூம்பு மாதிரி நட்டு, அதில் மணப் பட்டாணி ஏறவிட்டிருந்தார்கள். மதுரையில் இறங்கியதும் மல்லிகை முகத்தில் மோதுவது போல் மோதும் என்று எதிர்பார்த்திருந்தோம். அப்படி ஒன்றும் மோதவில்லை. இந்தப் பூ வெயிலில் கொஞ்சம் சூடேறி, காற்று அடங்கியிருக்கும்போதுதான் வாய் திறக்குமாம். அன்று காலை மப்பும் மந்தாரமுமாக இருந்தது.

மணப் பட்டாணியின் பூர்விகம் இந்தக் குளிர் தேசம் அன்று. ஸிஸிலித் தீவிலும் தெற்கு இத்தாலியிலும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடந்த செடி அது. ஸிஸிலியில் பிரான்சிஸ்கோ குபானி என்று ஒரு துறவி இருந்தார். பலேர்மோவுக்குப் பக்கத்தில் மிஸில்மேரி என்ற ஊரில் ஒரு பிரபுவின் மூலிகைத் தோட்டத்தைப் பராமரித்து வந்தவர். 1696-ல் அச்சான தம் நூலில் இந்தப் பூவைக் குறித்து எழுதினார். 1699-ல் கொஞ்சம் விதைகளை லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த யூவ்டேல் என்னும் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அனுப்பி வைத்தார். (நம் சென்னையில் தயாராகும் மோட்டார் சைக்கிளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே என்ஃபீல்ட்தான்.) துறவி அனுப்பிய பூ சிறியது. மேலிதழ் கருஞ்சிவப்பு, சிறகுகள் ஊதா. ஒரு காம்புக்கு இரண்டு பூ, மிஞ்சினால் மூன்று. ஆனால் வாசனை மட்டும் அறையை நிறைக்கும்.

அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாறுதல் எதுவும் நிகழவில்லை. ரோஜாவும் வெள்ளையும் கலந்த ஒரு வகை வந்தது. 'பெயின்டட் லேடி' என்று பெயர் வைத்தார்கள். இன்னும் இரண்டொரு நிறங்கள் வந்தன, அவ்வளவுதான்.

ஹென்றி எக்ஃபோர்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தோன்றிய பிறகுதான் கதை வேகம் கொள்ளுகிறது. பல பிரபுக்களின் மாளிகைகளில் தோட்டக்காரராக இருந்தவர், அறுபது வயதுக்கு மேல், 1888-ல் வெம் நகருக்கு வந்து சொந்தத்தில் நிலம் பிடித்து மணப் பட்டாணியே கதியென்று உட்கார்ந்தார். அவர் செய்த வேலை லேசானதல்ல. இந்தப் பூ மொக்காக இருக்கும்போதே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொண்டு விடுகிறது. வெளியார் யாரும் தலையிட அது இடம் கொடுப்பதில்லை. ஆகவே மொக்கு அவிழுமுன்பே அதை மெல்லப் பிரித்து, உள்ளிருக்கும் மகரந்தக் கேசரங்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேறு நிறப் பூவின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பிறகு விதை முற்ற வேண்டும், விதைக்க வேண்டும், பூக்க வேண்டும், பூத்ததில் நூற்றுக்குத் தொண்ணூறைப் பிடுங்கி எறிய வேண்டும். மிச்சத்தையும் குணம் நிலைக்கும் வரையில் வருஷக் கணக்காகப் பயிரிட வேண்டும். 1901-ல் வழக்கத்தில் இருந்த 264 வகைகளில் 115 அவர் உண்டாக்கியவை என்று கணக்குச் சொல்லுகிறார்கள். அவர் கையில் பூ பெரிதாயிற்று, நிறங்கள் பெருகின. வாசனையும் பெரும்பாலும் கூடவே இருந்தது.

அதே 1901-ல்தான் திருப்பம் நேர்ந்தது. ஸ்பென்ஸர் பிரபு வம்சத்தாரின் ஆல்தார்ப் மாளிகையில் ஸைலஸ் கோல் என்பவர் தலைமைத் தோட்டக்காரர். (பிற்காலத்தில் டயானா இளவரசி பிறந்த வம்சம் அது.) எக்ஃபோர்டின் வகை ஒன்றிலிருந்து அவர் தோட்டத்தில் அதுவரை யாரும் பார்த்திராத பூ ஒன்று பூத்தது. இதழெல்லாம் அலை அலையாகச் சுருண்டிருந்தது, அளவும் பெரிது. எஜமானியின் பெயரையே அதற்கு வைத்து லண்டன் கண்காட்சிக்குக் கொண்டு போனார். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பத்து வருஷத்துக்குள் தட்டையான பழைய பூவைக் கண்காட்சி மேஜையில் வைப்பாரில்லை. 1911-ல் லண்டன் தினசரி ஒன்று நல்ல மணப் பட்டாணிக் கொத்துக்கு ஆயிரம் பவுன் பரிசு என்று அறிவித்தபோது பல்லாயிரம் கொத்துகள் தபாலில் வந்து குவிந்தனவாம். ஸ்காட்லாந்தில் ஸ்ப்ரூஸ்டன் கிராமத்துப் பாதிரியாரின் மனைவி முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போனார்; மூன்றாம் பரிசும் அதே வீட்டுக்கு, பாதிரியாருக்கே வந்து சேர்ந்தது!

சுருக்கப் பூவில் வாசனை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது அநியாயம். நல்ல மணமுள்ள சுருக்கப் பூக்களும் இருக்கின்றன. ஆனால் எதற்குப் பரிசோ அதுதான் வளரும். நீளக் காம்பு, ஒரு காம்பில் நாலு பூ, இதழின் அகலம், நிறத்தின் சுத்தம் இவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். வாசனையை அளக்க அளவுகோல் கிடையாது. படத்தில் அச்சிடவும் முடியாது. பல வகைகளில் அது சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. நாம் அத்தைக்கு வாங்கி அனுப்பியது அந்த ஜாதி.

* * *

எக்ஃபோர்டின் ஞாபகமாக வெம் நகரத்தில் ஜூலைதோறும் மணப் பட்டாணிக் கண்காட்சி நடத்துகிறார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும், காலையில் வீதியில் எதிர்பார்த்து ஏமாந்த வாசனை மொத்தமாக எதிர்கொண்டு அழைத்தது. ஆரஞ்சுப் பூவும் தேனும் கலந்தாற்போன்ற மணம். அடியில் கொஞ்சம் மல்லிகையின் சாயை. நீள மேஜைகளில் பூச்சாடிகள் பட்டாளம் மாதிரி அணிவகுத்திருந்தன. ஒவ்வொரு காம்பும் கணை போல் நேராக இருந்தது. பரிசுக்குப் பூ வளர்ப்பவர்கள் ஒரு செடிக்கு ஒரு தண்டு மட்டும் விட்டு, பக்கக் கிளைகளையும் பற்றுக்கம்பிகளையும் தினந்தோறும் கிள்ளிவிட்டு, தண்டை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி வளர்க்கிறார்கள்.

எந்தப் பூ நமக்கு வேண்டும் என்று எப்படித் தீர்மானிப்பது? படத்தைப் பார்த்து ஒரு முறை ஏமாந்தாயிற்று. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. கூடத்தின் கோடியில், விற்பனைக்கு வைத்திருந்த கொத்துகளின் பக்கம் போய் நின்று, நாம் கண்களை மூடிக்கொண்டோம். பிள்ளையாண்டான் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டு வந்தான். "மாமா, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று அவன் முணுமுணுத்தான். பார்க்கட்டுமே! நமக்கு அவர்கள் தெரியவில்லை.

ஆறாவது கொத்து வந்தபோது மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வெளியே போய் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு மறுபடி வந்தோம். இந்தத் தடவை பூ வளர்க்கும் கிழவர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார். காரணத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தாமே கொத்துகளை எடுத்துக் கொடுக்கலானார்.

கண்ணை மூடிக்கொண்டு செய்த பரீட்சையின் முடிவு இதுதான். கருஞ்சிவப்பும் ஊதாவும் சேர்ந்த சிறு பூவுக்கு முதலிடம். துறவி குபானியின் பெயராலேயே அது இன்றும் விற்கப்படுகிறது. சற்றுப் பெரிதான அதன் தங்கை 'மட்டுகானா'. இரண்டையும் நமது மூக்கால் பிரித்தறிய முடியவில்லை. அடுத்தபடி இளம் ஊதா: 'லேடி க்ரிஸல் ஹாமில்டன்' என்ற எக்ஃபோர்டின் பழைய வகை. வெள்ளையில் 'டாரதி எக்ஃபோர்ட்', பாலேட்டு நிறத்தில் 'மிஸஸ் காலியர்' இரண்டும் நன்றாயிருந்தன. 'பெயின்டட் லேடி' இருநூற்றைம்பது வயது தாண்டியும் மானத்தோடு இருந்தாள். புதியவற்றில் நியூஜிலாந்துக்காரர் ஹாமெட் உண்டாக்கிய 'ஹை ஸென்ட்', ஓரத்தில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ, தன் பெயருக்குத் துரோகம் செய்யவில்லை. சிவப்பும் செம்மஞ்சளும் கடைசி. அவை வந்தபோது, "கொண்டு வா, ஏன் நிற்கிறாய்?" என்று நாமே கேட்டுவிட்டோம். அத்தையின் குரல் நம் வாயிலிருந்து வந்தது போலிருந்தது.

ஒரு கொத்தைப் பற்றி மட்டும் நமக்கும் கிழவருக்கும் அபிப்பிராய பேதம். அவருக்கு அது சுகந்தம். நமக்கு வெறும் தண்ணீர். மூக்குக்கு மூக்கு வித்தியாசம் உண்டு, அதனால் யாருக்காகப் பூ வாங்குகிறீர்களோ அவருடைய மூக்கையே கேளுங்கள் என்றார் அவர். அத்தையை வெம் நகரத்துக்கு அழைத்து வருவதாவது!

வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இன்னொரு விந்தையும் சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் பேட்ஸன், பன்னெட் என்னும் விஞ்ஞானிகள் இரண்டு வெள்ளை மணப் பட்டாணிகளை ஒன்றோடொன்று கலந்தார்களாம். பிறந்த குழந்தைகள் அத்தனையும் ஊதா! நிறத்துக்கு வேண்டிய இரண்டு அம்சங்களில் ஆளுக்கு ஒன்று இல்லாமல் வெளுத்திருந்த பெற்றோர், சேர்ந்தவுடன் ஸிஸிலிப் பாட்டனைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள்.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்று அவர் விசாரித்தார். பூமத்திய ரேகைக்குப் பதினோரு டிகிரி வடக்கே, ஆனால் மலை மேல் என்றோம். அவர் முகம் சுண்டிவிட்டது. இந்தச் செடி பகலின் நீளத்தை அளந்து பார்த்துத்தான் பூக்கும். கோடை வகைகளுக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரப் பகலாவது வேண்டும். இங்கிலீஷ் கோடையில் பதினாறு மணி நேரம் வெளிச்சம். உங்கள் ஊரில் அது எங்கே கிடைக்கும் என்றார். குறுகிய பகலிலும் பூக்கும் வகைகள் வேறு தேசங்களில் உண்டாக்கப்பட்டிருக்கின்றனவாம். நாம் அனுப்பிய செடி ஏன் அவ்வளவு தாமதமாகப் பூத்தது என்பது வெம் நகரத்தில் விளங்கிற்று.

* * *

புறப்படும்போது பிள்ளையாண்டான் குபானி விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி நீட்டினான். "பெட்டியில் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளுங்கள் மாமா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான். நமக்கும் ஆசைதான். இருபது விதை, கட்டை விரல் அளவு கூட இல்லை. ஆனால் அந்நிய விதைகளை அனுமதிச் சீட்டும், நோயற்றவை என்ற அத்தாட்சிப் பத்திரமும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வரக் கூடாது என்று 2003-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று இருக்கிறது. அது வெறும் காகிதச் சட்டம் அல்ல. நீலகிரியில் பட்டாணியும் பீன்ஸும் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அத்தையின் வராந்தாவுக்காக அவர்கள் வயலுக்கு ஒரு புது வியாதியை விருந்தாளியாக அழைத்து வர மனம் துணியவில்லை. பொட்டலம் பர்மிங்ஹாமிலேயே தங்கிவிட்டது. பெயர்கள் எழுதிய காகிதம் மட்டும் நம்மோடு வந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெங்களூரிலும் உதகையிலும் சில விதைக் கடைகளில் ஏறி இறங்கினோம். "கலப்பு நிறம்" என்று எழுதிய பொட்டலமே கிடைத்தது. வாசனை எப்படி என்று கேட்டதற்கு, படம் எப்படி என்று எல்லோரும் காட்டினார்கள்.

மறு வருஷம் ஏப்ரல் மாதம் குன்னூருக்குப் போயிருந்தோம். ஒரு நாள் மாலை, மழை தூறி ஓய்ந்து இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பழைய பங்களா ஒன்றைத் தாண்டி நடக்கையில் கால் தானாக நின்றுவிட்டது. வெம் நகரத்துக் கூடத்தில் நுழைந்தபோது வந்த அதே வாசனை! திரும்பிப் பார்த்தோம். கோழிக் கூண்டுக்குப் போட்ட கம்பி வலை மேல், பாகல் கொடியோடு பாகல் கொடியாக, கருஞ்சிவப்பும் ஊதாவுமாய்ச் சின்னஞ்சிறு பூக்கள். காம்புக்கு இரண்டே இரண்டு. இந்தப் பூவை எந்தக் கண்காட்சி மேஜையிலும் ஏற்றமாட்டார்கள்.

தோட்டக்காரரைக் கூப்பிட்டு இது என்ன வகை என்று கேட்டோம். "வகையெல்லாம் தெரியாதுங்க. எங்க அப்பா காலத்திலேயிருந்து இருக்கு. காய் காயுறப்போ எடுத்து வச்சுக்குவேன்" என்றார். பூ மொக்கிலேயே தன் சொந்த மகரந்தத்தால் கருக்கொள்வதால் பக்கத்தில் வேறு எது பூத்தாலும் விதை பெரும்பாலும் தாய்ச் செடியின் குணம் மாறாது. எக்ஃபோர்டுக்கு அவ்வளவு தொல்லை கொடுத்த அதே பிடிவாதம் இந்தக் கோழிக் கூண்டின் மேல் ஒரு வாசனையைத் தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பதினோரு டிகிரிப் பகலிலும் பூக்கப் பழகிக்கொண்டிருக்கிறதே! அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அவர் அன்று பூதான் கொடுத்தார். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும், காய் விட்டால் கொடி ஓய்ந்துவிடும், ஆகையால் விதைக்கு ஒரு மூலையை மட்டும் விட்டுவைப்பேன் என்றார். ஜூன் மாதம் மறுபடி போனபோது, காய்ந்து முறுகிய நெற்றுகள் ஒரு கைப்பிடி, பழைய கடிதக் கவரில் போட்டு வைத்திருந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளும்படி மாத்திரம் இரண்டு தடவை எச்சரித்தார்.

இந்த வருஷம் ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை நன்றாக ஓய்ந்த பிறகு, அந்த விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்தோம். ஊறிப் பருக்காத கெட்டி விதைகளைக் கண்ணுக்கு எதிர்ப்புறத்தில் ஊசியால் லேசாகக் கீறி, மறுபடி ஊறப்போட்டு வராந்தா ஓரம் ஊன்றினோம். இருபத்துநாலில் பத்தொன்பது முளைத்தன. நாலை நத்தை தின்றது. மிச்சம் பதினைந்துக்கு மூங்கில் கழி நட்டோம். நாலு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினோம், கிளைத்துக்கொண்டு ஏறின.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் முதல் பூக்கள் மலர்ந்தன. நாம் அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏழெட்டுக் காம்பு பறித்து ஒரு டம்ளரில் போட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனோம். திரும்பி வருவதற்குள் அத்தை சுவரைத் தடவிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றிருந்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சாப்பிடுகிற இடத்தில் வைப்பார்களா? ரசத்தின் வாசனையே தெரியாது. எடுத்துக்கொண்டு போய் என் தலைமாட்டில் வை" என்றார்.